இரண்டு பூச்சு

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
பிறர் வாயை என் வாயாக்குவது என் பிழைப்பு.
வழக்கறிஞர் "நான்" என்றால் நான்.
சாட்சி "நான்" என்றாலும் நான்.
ஹேக் நகரில் அன்று மழை.
காலை பத்து மணிக்கு
டிஹோமிர் ஷ்காரோ என்கிற பெயிண்டர் ஆனேன்.

கூரையில் என்ன வரைந்தீர்கள்?
கேடயம். கீழே கூர். நீலம், வெள்ளை.
யார் சொல்லி?
நெவென்கா அம்மா.
அருங்காட்சியகச் சாவி அவரிடம்தான் இருந்தது.
ஐம்பத்து நான்கில் ஏதோ உடன்படிக்கையாம்,
இந்தக் குறி இருந்தால் சுட மாட்டார்களாம்,
தேசம் தேசமாய்க் கையெழுத்துப் போட்டதாம்.
சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினார்.
அதற்குச் சொல் இல்லை.
கூண்டுக்குள் நானும் குலுக்கினேன்.

உள்ளே என்ன இருந்தது?
உப்பு வரிக் கணக்கு, முந்நூறு வருஷத்தது.
நாக்கில்லாத மணி ஒன்று.
புயலில் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு கொடுத்த
வெள்ளிக் கைகள், கால்கள், கண்மலர்கள்.
என் மாமனாரின் காலும் உண்டு. இடது.

ராஜ நீலம் என்று எழுதியிருக்கிறது என்றார் நெவென்கா அம்மா,
காகிதத்தை மூக்கருகே பிடித்து.
கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன.
நீச்சல் குளத்துக்கென்று விடுதிக்காரன் வாங்கிவைத்த
நாலு டப்பாதான் ஊரில் இருந்த நீலம்.
ராஜாவே இல்லாத ஊருக்கு இது போதும் என்றேன்.
(என்றேன் என்றேன்.)

பாதி அடிக்கும்போது
பக்கத்து வீட்டுக் கசாப்புக்காரன் யோஸ்கோ கீழே வந்து கத்தினான்:
மேலே இருந்து குறி பார்ப்பவனுக்கு
அது கேடயமா, கோலிக்குழியா?
நடுவில் என் வீடு இருக்கிறதடா!
கத்திவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.
இறங்க வழியில்லை.
சும்மா உட்கார்ந்து என்ன செய்ய,
இரண்டாவது பூச்சும் அடித்தேன்.

நீதிபதிகளில் ஒருவர் சிரித்ததாக ஞாபகம்.
குறிப்பேட்டில் சிரிப்பு ஏறவில்லை.

அளவு?
ஐந்தரை மீட்டர்.
மலையிலிருந்து தெரியுமா?
ஞாயிற்றுக்கிழமை நானே ஏறிப் போய்ப் பார்த்தேன்.
செய்த வேலையைத் தள்ளி நின்று பார்க்காதவன் பெயிண்டரா?
கண்ணைப் பறித்தது.
புதன்கிழமை அந்த மலை அவர்கள் கைக்குப் போயிற்று.

திரையில் ஒரு படம் காட்டினார்கள்.
நீலத்தின் நடுவே வானம் தெரியாத ஓட்டை,
ஏனென்றால் படம் வானத்திலிருந்தே எடுத்தது.
உள்ளே கறுப்பு.
எதிர்த்தரப்பு எழுந்தது: குண்டு வழி தவறியிருக்கலாம் அல்லவா?
டிஹோமிர் தண்ணீர் குடித்தார்.
நான் குடிக்கவில்லை, ஆனால் காத்திருந்தேன்.
ஒன்று தவறும் ஐயா.
பதினொன்றுமா?

அந்த உடன்படிக்கையை நான் பலமுறை வாயில் போட்டு மென்றிருக்கிறேன்,
மாநாடுகளில், மதிய உணவுக்குச் சற்று முன்.
அதில் ஒரு கதவு சாத்தாமலே கிடக்கிறது:
படைத்தேவை தவிர்க்க முடியாததானால் என்று.
எத்தனை பேர் அதன் வழியே நுழைந்து போனார்கள்
காலணியைக்கூடத் துடைக்காமல்.
நீலம் ஓட்டைத் தாங்கவில்லை, ஓட்டுக்குக் கீழே எதையும் தாங்கவில்லை.
ஆனாலும் அந்தப் பகல் முழுக்க
"தெரியவில்லை" என்று சொல்ல வாயெடுத்த ஒவ்வொருவரும்
ஐந்தரை மீட்டரில் இடறினார்கள்.
இது கொஞ்சமா, நிறையவா,
எனக்கு இன்றும் கணக்குத் தெரியவில்லை.

மாலை நடைக்கூடத்தில்
வழிகேட்டு நின்றவருக்கு அவர் மொழியில் பதில் சொன்னேன்.
திரும்பிப் பார்த்தார். பெண்குரல்.
நீயா நான்? என்றார்.
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் என்னை
நனைந்த சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
பிறகு அண்ணாந்து, இந்த விட்டம் ஒரே பூச்சு,
ஏமாற்றியிருக்கிறான் என்றார்.

மாமனார் கால்?
கிடைத்தது, கட்டைவிரல் மட்டும் உருகிப்போய்.
கண்மலர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.
யோஸ்கோ வீடு?
அவன் வீட்டுக்கு என்ன, குத்துக்கல் மாதிரி நிற்கிறது.
ஏணி அவன் கொட்டகையில்தான் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன்.
கேட்டால்,
எந்த ஏணி என்கிறான்.